எத்தனை நாள் தாங்கும்

அக்டோபர் 9

காலையில் பால் பொங்கி அடிப்பிடித்துவிட்டது. அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது உண்மைதான். அதற்காகப் பாலைப் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிடுமா? கொல்லையிலிருந்து தையல்நாயகி முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். "தெருவுக்கே தீஞ்ச வாடை அடிக்குது, உங்களுக்கு அடிக்கலியா?" என்று கேட்டாள். சளி என்றேன். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு கொஞ்சம் மந்தம். மழைக்காலம் போனால் சரியாகிவிடும்.

மத்தியானம் ரசம் பிரமாதம். பெருங்காய மணம் தூக்கலாக இருந்தது என்று அவளிடமே சொன்னேன். என்னைப் பார்த்துவிட்டு ரசச் சட்டியை மூடினாள். கட்டிய புருஷன் பாராட்டினாலும் சந்தோஷப்படத் தெரியாத பிறவி.

அக்டோபர் 12

என் நெல் இன்று கிடங்குக்கு வந்தது. நூற்று நாற்பது மூட்டை. பதினாலாம் அட்டியாக அடுக்கியாயிற்று.

இருபத்தாறு வருஷமாக இந்தக் கிடங்கில் ஊரார் நெல்லுக்கெல்லாம் நாள் குறித்தவன் நான். ஒவ்வொரு அட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் நெல்லுக்காரன் பெயர், மூட்டை எண்ணிக்கை, கீழே 'தாங்கும் நாள்', அதற்கும் கீழே என் கையெழுத்து. அந்த நாளுக்கு மேல் நெல் கெட்டால் கிடங்கு பொறுப்பல்ல. நான் தொண்ணூறு என்று எழுதினால் விவசாயி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவான். பதினைந்து என்று எழுதினால் அன்றைக்கே விலை பேசிவிடுவான். ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கலாமா என்று முதலாளி தியாகேசன் வருஷா வருஷம் கேட்பார், நானும் வருஷா வருஷம் சிரிப்பேன். மீட்டருக்கு ஒரு பிடி நெல்தான் தெரியும். சாக்கில் குத்தி நெல் எடுக்கும் குத்தூசியைச் செருகினாலும் அது வெளிமூட்டையைத்தான் தொடும். அட்டியின் நடுவில் இருக்கும் மூட்டையின் சேதி வாடையாகத்தான் வெளியே வரும். அதற்கு மூக்கு வேண்டும். லோடுமேன்கள் எனக்கு 'மூக்கு சார்' என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

என் அட்டியை நான் அடுக்கிய விதத்தையும் எழுதிவைக்கிறேன். அறுவடையின் கடைசி நாளில் தூறல் பிடித்துக்கொண்டது. அன்று தூற்றிய நாற்பது மூட்டை சரியாகக் காயவில்லை. அதை நடுவில் வைத்து, காய்ந்த நூறு மூட்டையை அதைச் சுற்றியும் மேலேயும் அடுக்கச் சொன்னேன். வாங்க வருகிறவன் எங்கே ஊசி குத்தினாலும் காய்ந்த நெல்தான் வரும். நடுவில் இருப்பதும் மெல்ல மெல்லத் தானே உலர்ந்துவிடும். உலராவிட்டால் வெயில் நாளில் பிரித்துக் காயப்போட்டுக்கொள்ளலாம், நம்மிடம் களம் இருக்கிறது.

மார்கழிக் கடைசியில் கையிருப்பு குறைந்து விலை உச்சத்துக்குப் போகும். அப்போது விற்றுத் தை பிறந்ததும் நாயகிக்குத் தஞ்சாவூரில் முட்டி மாற்றும் ஆபரேஷன். டாக்டரிடம் நாள் சொல்லியாகிவிட்டது. இந்த நெல்லைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

அக்டோபர் 13

மலர்க்கொடியைப் பற்றி எழுத வேண்டும். கிடங்கு கூட்டுகிறவள். நாற்பது வயதிருக்கும். கூலி கொஞ்சம்தான், ஆனால் கூட்டும்போது கிடைக்கும் சிந்தின நெல் அவளுக்கு என்பது பழைய வழக்கம்.

போன ஆவணியில் ஒருநாள் ஆறாம் அட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "கள்ளு வாடை அடிக்குது சார்" என்றாள். பிரித்துப் பார்த்தால் நடு மூட்டைகள் புளித்திருந்தன. அன்றுமுதல் அவளைக் கூட அழைத்துப் போகிறேன். இது ஒரு பயிற்சி, அவ்வளவுதான். நான் முதலில் முகர்ந்துவிட்டு, பிறகு அவளை முகரச் சொல்வேன். அவளுக்கு நாள் கணக்கெல்லாம் தெரியாது, வாடை பேர்தான் தெரியும். அதற்கு நான் நாள் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் வாடை என்றால் நூற்றிருபது. புதுச்சாக்கு வாடை தொண்ணூறு. வேர்வை வாடை முப்பது. கள்ளு வாடை பத்து, அதற்குள் விற்றுவிட வேண்டும். என் கணிப்போடு அவளுடையது எப்போதும் ஒத்துப்போகிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றும், நான் கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பதினாலாம் அட்டியில் சாக்கு இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "லேசா வேர்வை வாடை சார். வெயில் வந்ததும் நடு மூட்டைய எடுத்துக் காயவச்சிடுங்க" என்றாள். யோசனை கேட்டேனா நான்? வாடையை மட்டும் சொல் என்றேன்.

அக்டோபர் 16

மழை. நாள் முழுக்க மழை.

அக்டோபர் 20

ஒன்பதாம் அட்டி வைரக்கண்ணுவுடையது. குத்தகை நிலம், அறுபத்திரண்டு வயது, பேசும்போது துண்டைக் கையில் எடுத்துக்கொள்கிற ஆள். நெல்லை மழைக்கு முன்பே அறுத்து நாலு நாள் காயவைத்து, பதர் நீக்கிக் கொண்டுவந்திருந்தார். ஒரு நெல்லைக் கடித்தேன், கல் மாதிரி இருந்தது. மலர்க்கொடி ஒரே மூச்சில் "வெயில் வாடை சார், நல்ல வெயில் வாடை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஆள் அவள் ஊர்க்காரராம், மாமா முறையாம்.

அட்டையில் எழுதப்போகும்போது முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு நல்ல நெல் ஓர் அட்டி மலிவாகத் தேவைப்பட்டது. நேரடியாக எதுவும் சொல்லவில்லை. "வைரக்கண்ணு நெல்லு ரொம்ப நாள் தாங்குமாய்யா?" என்று மட்டும் கேட்டு என் முகத்தைப் பார்த்தார். தாங்காது என்றேன். அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

பதினைந்து என்று எழுதினேன்.

வைரக்கண்ணுவின் முகம் விழுந்துபோனது. காயவைத்ததில் எங்கே தப்பு நடந்தது என்று என்னிடமே கேட்டார். விதை சரியில்லை, தண்ணீர் கட்டியது சரியில்லை என்று நாலு காரணம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த மனுஷன்.

அக்டோபர் 24

வைரக்கண்ணு முதலாளிக்கே விற்றுவிட்டார். வந்த விலைக்கு.

சாயங்காலம் மலர்க்கொடி துடைப்பத்தோடு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். "நான் வெயில் வாடைன்னுதானே சார் சொன்னேன்?" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். நகரவில்லை. "வெயில் வாடைன்னுதான் சார் சொன்னேன்" என்று மறுபடியும் சொன்னாள். இரண்டு லோடுமேன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடம் கொடுத்தால் இப்படித்தான்.

அக்டோபர் 27

மூன்று நாள் யோசித்தேன். இவள் வாய் ஊருக்குள் போனால் யார் பேச்சை நம்புவார்கள்? இருபத்தாறு வருஷக் கையெழுத்தை ஒரு துடைப்பக்காரி அழிப்பதா? அவள் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனால் போதும் என்று தோன்றியது.

ஐந்தாம் அட்டியில் ஒரு சாக்கு கிழிந்திருந்தது. எலி கடித்திருக்கலாம். வேலை முடிந்து எல்லோரும் வாசலில் கூடும் நேரம் பார்த்து, கிடங்கு வாட்ச்மேனிடம் அவளைச் சோதிக்கச் சொன்னேன். அத்தனை லோடுமேன்களும் நின்று பார்த்தார்கள். "கூட்டுன நெல்லுதான் சார்" என்று இரண்டு முறை சொன்னாள். மடியை அவிழ்த்து உதறச் சொன்னேன். உதறினாள். இரண்டு படி நெல் சிமெண்டுத் தரையில் கொட்டியது. தூசியும் உமியும் கலந்திருந்ததைப் பார்த்தாலே கூட்டின நெல் என்று தெரியும். யாரும் குனிந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டாள். குரல் கம்மியாக இருந்ததால் சத்தமாகக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். கொட்டியதை அவளே கூட்டி அள்ளி ஐந்தாம் அட்டியில் போட்டாள்.

வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி. நான்தான் பாவம், புருஷன் படுத்த படுக்கை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். எல்லோருக்கும் என் குணம் தெரிந்தது.

அக்டோபர் 28

நாயகியின் முட்டித் தைலத்தை இனி வீட்டுக்குள் தேய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த நெடியில் என் மூக்கு கெடுகிறது. கொல்லையில் மழைச்சாரல் அடிக்கிறதே என்றாள். குடையைப் பிடித்துக்கொள் என்றேன்.

அக்டோபர் 30

மலர்க்கொடி முன்னைவிட ஒழுங்காக இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. நான் கூப்பிட்டால் வருகிறாள், முகர்கிறாள், சொல்கிறாள், போகிறாள். கண்டிப்பு வேலை செய்திருக்கிறது.

பதினாலாம் அட்டியில் நல்ல சேதி. சாக்கு இடுக்கில் முகத்தை வைத்து வெகுநேரம் முகர்ந்தாள். "வெயில் வாடை சார்" என்றாள்.

இரண்டு வாரத்துக்கு முன் வேர்வை வாடை என்றாயே என்று கேட்டேன். அது புதுச் சாக்கின் ஈரமாக இருந்திருக்கும் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடுவில் வைத்த நாற்பது மூட்டையும் நான் கணக்குப் போட்டபடியே உலர்ந்துவிட்டது. மழையில் அறுத்த நெல் ஐப்பசி அடைமழையில் உலர்ந்திருக்கிறது என்றால் அது அடுக்கிய கையின் ராசி. அட்டையில் நூற்றிருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நன்றாக மூச்சை இழுத்து, "பாத்தியா, தைல நெடி இல்லாம வீடு எவ்வளவு நல்லா இருக்கு" என்றேன். நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.

நவம்பர் 8

இன்று தேவையில்லாத சண்டை. பதினாலாம் அட்டியில் ஊசியைக் கொஞ்சம் ஆழமாகச் செருகி, இரண்டாம் வரிசை மூட்டையிலிருந்து ஒரு பிடி நெல் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தேன். வீட்டில் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றுதான். மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

"இது என்னாங்க, கள்ளுக்கடையிலேருந்தா வர்றீங்க?" என்று நாயகி கேட்டாள். கைக்குட்டையை மூக்கருகே வைத்திருந்தாள். "புளிச்ச நாத்தம் அடிக்குது. யாரு நெல்லு?"

என் தலைக்கு ரத்தம் ஏறியது. எட்டு வகுப்புப் படித்துவிட்டு எனக்கு நெல் சொல்லித் தருகிறாயா என்றேன். கைக்குட்டையைப் பிடுங்கி நெல்லைக் கொல்லையில் விசிறினேன். பக்கத்து வீட்டு வாத்துகள் ஓடி வந்தன. இரண்டு கொத்து கொத்திவிட்டுச் சேற்றுக்கே திரும்பிப் போய்விட்டன. வாத்துக்கு வயிறு நிறைந்திருக்கும்.

நம்ம நெல் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9

மலர்க்கொடியிடம் மறுபடியும் கேட்டேன். கள்ளு வாடை எங்கேயாவது வருகிறதா, நன்றாகப் பார் என்றேன். அட்டியைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்தாள். "வெயில் வாடைதான் சார்" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாயகிக்கு என்னைக் குறை சொல்லாமல் ஒரு பொழுது போகாது. மலர்க்கொடிக்கு என்னிடம் பொய் சொல்லத் தைரியம் கிடையாது, அதை வாசலிலேயே உதறி எடுத்துவிட்டேன்.

நவம்பர் 17

மேகம் கலைந்து சுள்ளென்று வெயில். கிடங்கு முழுக்கச் சுறுசுறுப்பு. அவரவர் அட்டியைப் பிரித்துக் காயப்போட ஆள் தேடுகிறார்கள். என் அட்டியைப் பிரிக்க லோடுமேன் காத்தமுத்து வந்து நின்றான். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு வாரம்தான் வெயில் இருக்கும், களத்தில் முதல் இடம் சாருக்கு என்றான்.

மலர்க்கொடி பக்கத்தில்தான் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். வெளிச்சத்துக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "என்ன?" என்றேன். காத்தமுத்து இருந்ததால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அட்டியண்டை குனிந்து கூட்டுகிற மாதிரி முகர்ந்தாள். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். ஒரு நொடி ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது.

"வேணாம் சார். காஞ்ச நெல்ல எதுக்குக் காயவைக்கணும்" என்றாள்.

காத்தமுத்துவிடம் வேண்டாம் என்றேன். களத்தை முதலாளியின் நெல்லுக்கு விட்டுக்கொடுத்தேன். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்.

நவம்பர் 24

வெயில் முடிந்தது. மறுபடியும் மழை. காயவைத்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள்.

டிசம்பர் 5

ஒன்பதாம் அட்டி இன்று லாரி ஏறியது. நாற்பத்தாறு நாள் ஆகிறது. மூட்டையைத் தூக்கும்போது சலசலவென்று சத்தம், ஒரு மணிகூட நிறம் மாறவில்லை. அட்டையை நான் அப்போதே மாற்றி எழுதிவிட்டேன், தொண்ணூறு என்று.

கெட்ட நேரம், யூரியா வாங்க வந்த வைரக்கண்ணு ரோட்டில் நின்று பார்த்துவிட்டார். சாக்கில் அவர் போட்டிருந்த சிவப்புச் சாயக் குறி அப்படியே இருந்தது. உள்ளே வந்து சிந்தின நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்தார். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார். நான் பேப்பர் கட்டுகளைப் புரட்டினேன்.

"பதினைஞ்சு நாள்னீங்களே சார்" என்றார்.

சில நெல் அப்படி, கிடங்கின் குளிர்ச்சிக்குத் தாங்கிவிடும், அது உங்கள் அதிர்ஷ்டக் குறைவு என்றேன். அவர் கோபப்படவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாற்று விட்டிருந்த குத்தகை நிலத்தை விட்டுவிட்டதாகவும் இனி திருப்பூர்ப் பக்கம் மகளோடு இருக்கப் போவதாகவும் யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார். போகும்போது மலர்க்கொடி வாசல் வரைக்கும் கூடப் போனாள். 

எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. சாயங்காலம் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 12

பதினாலாம் அட்டிக்கு அடியில் குப்பை குவிந்து கிடந்தது. மற்ற அட்டிகளின் கீழே ஒரு மணி விடாமல் பொறுக்கிக்கொண்டு போகிறவள் இதை மட்டும் ஏன் தொடவில்லை என்று கேட்டேன். "உங்க நெல்ல எடுத்தா தப்பாயிடும் சார்" என்றாள். பயம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

சாக்கின் மேல் கை வைத்தால் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலே தகரக் கூரை, பகல் சூடு இறங்கியிருக்கும். சுவரோரம் வண்டு ஊர்கிறது. இந்த வருஷம் எல்லாக் கிடங்கிலும் வண்டுதான்.

முகரச் சொன்னேன். வெயில் வாடை.

டிசம்பர் 20

நாயகியால் கோலம் போடக் குனிய முடியவில்லை. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு வாரம், பொறுத்துக்கொள் என்றேன்.

ஜனவரி 3

விலை உச்சத்தில் இருக்கிறது. நாகப்பட்டினத்து வியாபாரி வந்து ஆறு இடத்தில் ஊசி குத்தினான். ஆறிலும் காய்ந்த நெல், பொன் மாதிரி. ஆனால் நின்ற இடத்தில் மூக்கைச் சுளித்தான். வாடை பக்கத்து அட்டியுடையது என்றேன். உங்கள் மூக்கை நம்பித்தான் சார் வாங்குகிறேன் என்று கைகொடுத்தான். நாளைக்கு லாரி. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வருகிறோம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

நாயகி இன்று வாய்விட்டுச் சிரித்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 4

எழுதிவிடுகிறேன்.

மேல் வரிசை நன்றாகத்தான் இறங்கியது. இரண்டாம் வரிசையில் சாக்கு ஈரமாக இருந்தது. மூன்றாவதில் காத்தமுத்து ஒரு மூட்டையை இழுத்தான். சாக்கின் அடிப்பாகம் அப்படியே பிய்ந்துகொண்டு வந்தது, ஆவி எழும்பியது. நெல் கொட்டவில்லை. கட்டியாக விழுந்து உடைந்தது. உள்ளே கறுப்பு, நடுவில் வெள்ளை முளை, அதன்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை. நாற்பது மூட்டையும் அப்படித்தான் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சுற்றியிருந்த மூட்டைகளும் அதன் வேக்காட்டில் போய்விட்டன.

நான் ஓடிப்போய் அந்தக் கட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். கொதித்தது. ஒரு நல்ல மணியாவது தேறுமா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கிளறிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூட்டை இறக்கும் சத்தம் நின்றிருந்ததால் நிமிர்ந்து பார்த்தேன்.

காத்தமுத்து துண்டால் மூக்கைக் கட்டியிருந்தான். எல்லா லோடுமேன்களும் கட்டியிருந்தார்கள். வியாபாரி வாசலுக்கு வெளியே போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முதலாளி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். அவர்கள் யாரும் நெல்லைப் பார்க்கவில்லை. நடுவில் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

முதலாளி மெல்லக் கேட்டார். "உலகநாதன், எவ்வளவு நாளாய்யா இப்படி?"

நெல்லைக் கேட்கிறார் என்று நினைத்து, மழையில் அறுத்ததுங்க என்று பதில் சொன்னேன். ஒரு லோடுமேன் சிரித்துவிட்டான்.

ஜனவரி 5

இனி வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார் முதலாளி. மீட்டர் வந்துவிட்டதாம்.

நாயகியிடம் ஆபரேஷன் இல்லை என்று சொன்னேன். கள்ளுக்கடை நாற்றம் என்று அவள் சொன்னது நம் நெல்தான் என்றும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். தைலப் புட்டியை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியில் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நீங்க கொல்லைக்குப் போகச் சொன்னீங்கல்ல, நான் ஒரு நாளும் போகல" என்றாள். "இங்கயேதான் தேய்ச்சேன். நீங்க வந்து மூச்ச இழுத்துட்டு, வீடு நல்லா இருக்குன்னீங்க."

தைலத்தை இன்னும் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

"ஒரு வருஷமா ரசத்துல பெருங்காயம் போடலைங்க. ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பாத்தேன். கேட்டா, டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போலாம்னு இருந்தேன். நீங்க மணம் தூக்கலா இருக்குன்னீங்க."

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அது கோபம் இல்லை, பயம். இத்தனை நாளும் இந்த வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி இருந்திருக்கிறாள்.

ஜனவரி 7

வெளி வரிசையில் தப்பிய பதினோரு மூட்டையை வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கு இதுதான். இதில் எது சாப்பிடலாம், எது கூடாது, எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாயகியிடம் கேட்க வாய் வரவில்லை. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் பதினோரு பொட்டலம் கட்டிக்கொண்டு மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன்.

கீற்று வேய்ந்த வீடு. வாசலில் முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்க சார் என்று எழுந்து முக்காலி எடுத்துப் போட்டாள். உள்ளே அவள் புருஷன் இருமும் சத்தம் கேட்டது. பொட்டலங்களை வரிசையாகத் தரையில் வைத்தேன். ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்கத்தான் போனேன். கேட்டால், முதல் பொய் யார் எழுதியது என்ற பேச்சு வரும். அதனால் கேட்கவில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லம்மா என்றேன். அம்மா என்று சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளங்கையில் கொட்டி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தாள், முன்பெல்லாம் செய்கிற மாதிரியே. அந்த முகத்திலிருந்து எதையாவது படித்துவிட முடியுமா என்று நான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நெல்லைப் பொட்டலத்திலேயே கொட்டி, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கு என்னா வாடை வேணும்னு சொல்லுங்க சார். அதச் சொல்லிடுறேன்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. மற்ற பத்தையும் அவளே எடுத்து அடுக்கி என் பையில் வைத்தாள். மீண்டும் உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தாள்.

ஜனவரி 8

இன்று ரசத்தில் பெருங்காயம் போட்டிருப்பதாக நாயகி சொன்னாள்.